ஒண்டிக்கட்டை பிரவுசரும் ரேவதியின் சீட்டும்

1. கம்ப்யூட்டருக்கு வயதான நாள்

ஒரு திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கி மூன்று கம்ப்யூட்டரையும் ஆன் செய்தேன். மூன்றும் ஒரே பாட்டைப் பாடின. இந்தக் கம்ப்யூட்டருக்கு இனி அப்டேட் கிடையாதாம். ஊரே உபயோகிக்கிற அந்தப் பெரிய பிரவுசர், என் மெஷின்களுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டது. அதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவருக்கு ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டும், ஒருவருக்கு வருமானச் சான்றிதழ், ஒரு அம்மாளுக்கு மகனின் ஹால் டிக்கெட். சைட்டுகள் பாதி திறந்தன, பாதி வெள்ளைத் தாளாக நின்றன.

என் பெயர் சாந்தி. பெங்களூரு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகிற ஒரு சந்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். வீடு அல்சூரில். வீட்டுக்காரர் லேத் பட்டறைக்காரர், கம்ப்யூட்டர் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார். அவருடைய தம்பி முரளிதான் என்னோடு கடையில் உட்காருகிறான். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

"அண்ணி, மூணையும் தூக்கி குஜரில போட்டுட்டு புதுசு வாங்கிடலாம். இதெல்லாம் இன்னும் ஓடுதுன்னு வெளிய சொல்லாதீங்க, மானம் போயிடும்" என்றான். குஜரி என்றால் எங்கள் ஊரில் காயலான் கடை.

"ஆமாண்டா, உங்கண்ணன் பட்டறையில கம்ப்யூட்டர் கடைஞ்சு குடுக்கறாரு, வாங்கிக்கலாம்" என்றேன்.

வரிசையில் அருண் என்று ஒருவர் நின்றிருந்தார். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஈஜிபுராவில் புதிதாக வாடகைக்கு வீடு பிடித்து, அக்ரிமென்ட் பிரிண்ட் எடுக்க வந்தவர். கொஞ்ச நேரம் எங்கள் சண்டையை வேடிக்கை பார்த்துவிட்டு, "மேடம், சிஸ்டத்த எங்கிட்ட கொஞ்சம் குடுங்க. வேற பிரவுசர் ஒண்ணு போட்டுத் தரேன். பிடிக்கலன்னா தூக்கிடுங்க" என்றார்.

"அதுல என்ன இருக்கு?"

"அதுல தேவையில்லாதது ஒண்ணும் இல்ல மேடம். அதுக்காகத்தான் நான் வெச்சிருக்கேன். எங்க ஆபீஸ்லயே நான் ஒருத்தன்தான். எல்லாரும் சிரிப்பாங்க."

போட்டுக் கொடுத்தார். ரேஷன் கார்டு பக்கம் திறந்தது. ஹால் டிக்கெட் வந்தது. பழைய மெஷினின் ஃபேன் சத்தம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது எனக்கு. முரளி மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஊர்ல நாட்டுல யாராவது இத வெச்சிருக்காங்களா? சொந்தம் பந்தம் ஒண்ணும் கெடையாது. ஒண்டிக்கட்டை அண்ணி இது" என்றான்.

அன்றிலிருந்து கடையில் அதன் பெயரே ஒண்டிக்கட்டை. உண்மைப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அண்ணி விளம்பரம் பண்ணுகிறாள் என்பான். எழுதினாலும் உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

2. கலர் கோடு

இப்போது சென்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால், ஒரு பிரவுசரைப் பற்றி என்ன இவ்வளவு பேச்சு என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். தையல்காரருக்கு மெஷின் எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு பிரவுசர். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண் அதன்மேல்தான். அது முரண்டு பிடித்தால் அன்றைக்கு முழுக்க எரிச்சல். அது சொன்ன பேச்சைக் கேட்டால் மனுஷர்களிடமும் சிரித்துப் பேச முடிகிறது.

இது சொன்ன பேச்சைக் கேட்டது. மழை நாளில் நெட் நூல் மாதிரி ஓடும்போது, படமே வேண்டாம், எழுத்து மட்டும் கொடு என்றால் எழுத்தை மட்டும் கொடுத்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்த் திரும்பி வந்தால், விட்ட இடத்தில் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. சில சைட்டுகள் இருக்கின்றன, அந்தப் பெரிய பிரவுசரில் வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று வாசலிலேயே மறிக்கும். இதில் ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டால், நான்தான் அந்தப் பெரியவர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கம் என்று சொல்லிப் பந்தியில் உட்காருகிற ஆள் மாதிரி. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நான் மயங்கி விழுந்தது இதற்கெல்லாம் இல்லை, கலர் கோட்டுக்கு.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மற்ற பிரவுசர்களில் ஒரு சைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் லாகின் ஆகியிருக்க முடியும். ஒரு டேபில் கோபாலை லாகின் செய்து வைத்துவிட்டு, பக்கத்து டேபில் அதே சைட்டில் கீதாவை லாகின் செய்தால், சைட்டைப் பொறுத்தவரை கோபால் போய்விட்டார், கீதா வந்துவிட்டார். வம்பு என்னவென்றால், கோபாலின் டேபில் மேலே கோபால் பெயர் அப்படியே நிற்கும். நாம் கோபால் என்று நம்பி அங்கே பட்டனை அழுத்தினால், அது கீதா கணக்கில் போய் விழும். வீட்டில் ஒருவர் தன் வேலையைத் தானே செய்துகொண்டால் இந்தத் தப்பு நடக்கவே வாய்ப்பில்லை. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பத்துப் பேர் வேலையைச் செய்கிற எங்களுக்கு மட்டும் வாய்க்கும் தப்பு இது.

ஒண்டிக்கட்டையில் ஒவ்வொரு டேபுக்கும் தனித்தனி லாகின் வைக்கலாம். கோபாலும் கீதாவும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் அவரவர் டேபில் இருப்பார்கள். அடையாளம் தெரிய டேபின் மேல் ஆளுக்கு ஒரு கலர் கோடு. கொஞ்ச நாளில் கஸ்டமர்களையே நாங்கள் கலர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தோம். "பச்சை அண்ணா, போட்டோ சைஸ் பெருசா இருக்கு, வேற குடுங்க." "நீலம் யாரும்மா, கையெழுத்து வேணும்." கறிக்கடை பாய் ஒருவர் கல்லாவை விட்டு நகர முடியாமல் எதிர்ப்பக்கத்திலிருந்தே, "ஆப்பா, லால் கா ஓடிபி ஆயா" என்று குரல் கொடுப்பார். அக்கா, சிவப்புக்கு ஓடிபி வந்துவிட்டது என்று அர்த்தம். சிவப்புக் கோடு அவருடையது. பூக்காரம்மா ஒருத்தி மட்டும், "எனக்குக் கறுப்பு வாணாம்மா, நல்ல காரியத்துக்கு வந்துகீறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மஞ்சள் கொடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. சும்மா விட்டால் சைட்டுகள் கொஞ்ச நேரத்தில் நம்மை வெளியே தள்ளிவிடும். ஒண்டிக்கட்டையில், இந்த டேபை அவ்வப்போது நீயே ரீலோடு செய்துகொண்டிரு என்று சொல்லி வைக்கலாம். டேப் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் மெல்ல மெல்ல நிரம்பும். நிரம்பியதும் பக்கம் ஒரு தடவை புதுப்பித்துக்கொள்ளும், லாகின் உயிரோடு இருக்கும். கஸ்டமர் வேலை முடியும்வரை அவர் டேபை மூடக்கூடாது, முடிந்ததும் அவர் கண்ணெதிரே மூட வேண்டும் என்பது என் பழக்கம். மூடினால் அந்த லாகின் தடயமில்லாமல் அழிந்துவிடும்.

மெச்சுகிறேன் என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. சில பேமென்ட் பக்கங்கள் இதில் பாதியில் நின்று உயிரை வாங்கும். அதற்காகவே முரளி உட்காரும் மெஷினை மட்டும் மாற்றி, அதில் அந்தப் பெரிய பிரவுசரை வைத்தேன். அவனுக்கும் அதுதான் வேண்டும். "பாருங்க அண்ணி, ராஜா மாதிரி ஓடுது. உங்க வட்டம் சுத்தறத வேடிக்க பாத்துக்கிட்டு உக்காருங்க" என்பான். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். எங்கள் கடையில் வேலை நடந்ததே இப்படித்தான்.

3. கடைசி நாள்

காலேஜ் சீட்டுக்கு ஆப்ஷன் கொடுக்கிற சீசன் எங்களுக்குத் திருவிழாவும் அதுதான், தலைவலியும் அதுதான். எந்தக் காலேஜ் முதலில், எது இரண்டாவது என்று பிள்ளைகள் வரிசைப்படுத்தி லாக் செய்ய வேண்டும். அந்த வரிசைப்படிதான் சீட் வரும். லாக் செய்வது சுலபம், சரியா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும். லாக்கைத் திறக்கத்தான் போனுக்கு ஓடிபி வரும். லாக்கே செய்யாமல் விட்டால், கடைசியாக சேவ் செய்த வரிசை சாயங்காலம் தானாக லாக் ஆகிவிடும்.

ஒண்டிக்கட்டை வந்து சில வருஷம் கழித்து, ஒரு சீசனின் கடைசி நாள் காலையிலேயே ஏழுமலை தன் மகள் ரேவதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், ஈஜிபுராவில் இருக்கிறார். ரேவதிக்கு பி.ஃபார்ம் படிக்க ஆசை, ரேங்கும் நன்றாகவே வாங்கியிருந்தாள். அவர் வந்ததும் என்னிடம் உடைத்துச் சொல்லிவிட்டார்.

"மேடம், ஊருக்குள்ள கெடச்சா படிக்கட்டும். வெளியூருன்னா பேடா, வாணாம். அவங்கம்மாவுக்கு ஒரு பக்கம் கை காலு வராது. சோறாக்கறது, தூக்கி உக்கார வெக்கறது எல்லாம் இவதான். ஆஸ்டல்லாம் நம்மால ஆவாது. கமர்ஷியல் ஸ்ட்ரீட் துணிக்கடைல சொல்லி வெச்சிருக்கேன். சீட்டு இங்க வரலன்னா ஒண்ணாந்தேதி அங்க போவட்டும்."

ரேவதி அதற்குத் தலையாட்டினாள். அப்பா சொல்வதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவளை என் மெஷினில் ஊதாக் கோட்டில் லாகின் செய்து, பெங்களூருக்குள் இருக்கும் காலேஜ்களின் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அம்மாவோடு பேசி வரிசையை முடிவு செய்துகொண்டு மத்தியானம் வருகிறேன் என்று போனாள். ஏழுமலை சவாரிக்குப் போய்விட்டார். டேபை நான் மூடவில்லை.

மத்தியானம் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். அங்கிருந்து கடையில் பேசுவது எல்லாம் கேட்கும். முரளியிடம் திலீப் என்ற பையனும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். அவனுக்கும் பி.ஃபார்ம்தான். மாமா மங்களூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பதால் அந்தப் பக்கமே படிக்கட்டும் என்று முடிவு. உடுப்பி, மங்களூரு, ஹுப்பள்ளி என்று முந்தின நாளே வீட்டில் சேவ் செய்துவிட்டார்கள். முதல் இரண்டை மாற்றிப் போடலாமா என்று கேட்கத்தான் அந்த அம்மா போனில் தன் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிகிற வழியாக இல்லை.

அப்போது ரேவதி வந்தாள். "அண்ணி சாப்பிடறாங்க, வா, நானே போட்டுடறேன்" என்று முரளி அவளுக்குப் பக்கத்து டேபைத் திறந்து லாகின் செய்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

அந்த அம்மா போனை வைத்தார். "ஓகே, மங்களூரே ஃபர்ஸ்ட். ப்ளீஸ், கொஞ்சம் சீக்கிரம் போட்டு லாக் பண்ணிடுங்க. காரை ரோட்ல விட்டிருக்கேன், டோ பண்ணிடுவாங்க." முரளி திலீப் டேபுக்குப் போனான். மேலே திலீப் பெயர் இருந்தது. மங்களூரை மேலே இழுத்தான், லாக் அழுத்தினான், சரியா என்றதற்குச் சரி என்றான். லாக் ஆகிவிட்டது என்று வந்ததை மட்டும் பார்த்தான். "பிரிண்ட் வாட்ஸ்அப்ல போட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மாவும் பிள்ளையும் ஓடினார்கள்.

இப்போ உன் வரிசையைச் சொல் என்று அவன் ரேவதி பக்கம் திரும்பும்போது அவள் போன் அடித்தது. ஏழுமலை.

"பாப்பா, மெசேஜ் வந்துச்சு. லாக் ஆயிடுச்சாமே. அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"நான் இன்னும் ஒண்ணுமே போடலியேப்பா."

எச்சில் கையோடு எழுந்து வந்தேன். முரளி ரேவதியின் டேபை ரீலோடு செய்தான். மேலே ரேவதி. கீழே மங்களூரு, உடுப்பி, ஹுப்பள்ளி. பக்கத்தில் பூட்டுப் படம். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே போய்ப் புதிதாக வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ, நான் வாயைத் திறப்பதற்குள் லாகவுட் அழுத்திவிட்டான்.

"லாகவுட் ஏண்டா பண்ண பாவி" என்றேன்.

திரும்ப லாகின் போட்டான். சர்வர் பிசி. மறுபடி போட்டான். சர்வர் பிசி. மாநிலம் முழுக்க அதே நேரத்தில் அதே கதவை இடித்துக்கொண்டிருந்தது. ரேவதி தன் போனில் முயன்றாள், நடக்கவில்லை. ஹெல்ப்லைனுக்கு அடித்தால் எங்கேஜ் டோன். முரளி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ரேவதி அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "அக்கா, இப்போ எனக்கு மங்களூரு வந்துடுமா?" என்று கேட்டாள்.

"வந்தா என்னம்மா செய்வ?"

"போவ மாட்டேன்கா. போவ முடியாது. அம்மாவ யாரு பாப்பாங்க?" என்றவள், "துணிக்கடைக்குத்தான் போவேன்" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு என் நாற்காலிக்கு வந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்து வரவில்லை, உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். திரையில் வரிசையாகக் கோடுகள். பச்சை, மஞ்சள், சிவப்பு. கடைசியில் ஊதா. அதன் ஓரத்தில் வட்டம் நிரம்பிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து யாரும் கவனிக்காமல் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. முரளி கடையைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தபோதும் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த சைட் ஒரே ஆளை இரண்டு மெஷினில் உள்ளே விடுகிற ரகம். அது மட்டும் எங்கள் அதிர்ஷ்டம். ஊதாவைத் தொட்டேன். ரேவதி ஏ. என்று வந்தது. கீழே அதே மங்களூரு, அதே பூட்டு. புதிதாக யாரையும் விடாத சைட்டுக்குள்ளே இந்தப் பெண் மட்டும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

"ரேவதி, இங்க வா. அப்பாவுக்கு போன் போடு. அவர் நம்பருக்குத்தான் ஓடிபி வரும்" என்றேன்.

திறக்கச் சொல்லி அழுத்தினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஏழுமலை எடுக்கவில்லை. முதல் ஓடிபி காலாவதியாகிவிட்டது. மறுபடி அழுத்தினேன். இந்தத் தடவை எடுத்தார்கள், ஆனால் ஒரு பெண் குரல், கன்னடத்தில். டிரைவர் அல்சூர் ஏரிப் பக்கம் டிராஃபிக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறார், நான் பாசஞ்சர், போனை என் கையில் கொடுத்திருக்கிறார், ஹேளி, சொல்லுங்கள் என்றது அந்தக் குரல். இப்போது ஒரு நம்பர் வந்திருக்கும், அதைப் படியுங்கள், ஒரு பெண்ணின் காலேஜ் சீட் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். அந்த அம்மா ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, ரேடியோவில் செய்தி வாசிப்பது போல வாசித்தார். பூட்டு திறந்தது.

"சொல்லும்மா உன் வரிசையை."

ரேவதி தாளைப் பார்க்காமலே சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். பாதிப் பட்டியல் போட்டிருப்பேன்.

"அண்ணி, வட்டம்" என்றான் முரளி என் தோளுக்குப் பின்னாலிருந்து.

வட்டம் நிரம்ப ஒரு கீற்றுதான் பாக்கி. நிரம்பியிருந்தால் பக்கம் ரீலோடு ஆகியிருக்கும், சேவ் செய்யாத வரிசை போயிருக்கும். அன்றைக்கு இருந்த நெரிசலில் பக்கம் திரும்பி வந்திருக்குமா என்பதே சந்தேகம். சட்டென்று நிறுத்தினேன். அத்தனை வருஷம் அதைக் கேலி பண்ணியே பார்த்துக்கொண்டிருந்ததில், என்னைவிட அவனுக்கு அந்த வட்டம் நன்றாகத் தெரிந்திருந்தது.

மீதியையும் போட்டேன். ரேவதியை இரண்டு தடவை பார்க்கச் சொல்லிவிட்டு லாக் அழுத்தினேன். அடுத்த நிமிஷம் போன் வந்தது. இந்தத் தடவை ஏழுமலையே, வண்டியை ஓரம் கட்டிவிட்டு.

"மேடம், மறுபடி லாக்குன்னு வந்துகீது. இது சரியானதுதான?"

"சரியானதுதான் ஏழுமலை. மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. தடுப்புக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன்.

முரளியை நான் திட்டவில்லை. திட்டுவதற்கு அவன் இடம் வைக்கவில்லை. நான் சொல்லாமலே திலீப்பின் அம்மாவுக்கு போன் போட்டு, உங்கள் லாக் விழவில்லை, நேற்று சேவ் செய்ததுதான் தானாக லாக் ஆகும், உடுப்பிதான் முதலில் வரும், தப்பு என்னுடையது என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில் அந்த அம்மாவே, "சரி விடுங்க, உடுப்பிதான் ஃபர்ஸ்ட்டா இருக்கணும்னு பையன் சொன்னான், நான்தான் கேக்கல" என்று வைத்துவிட்டாராம்.

4. மேலே யார் பெயர்

மறுநாள் நான் கடைக்கு வந்தபோது முரளி எனக்கு முன்னால் வந்திருந்தான். அவன் மெஷினில் ஒண்டிக்கட்டையை ஏற்றிக்கொண்டிருந்தான். நான் பார்த்ததும், "பேமென்ட்டுக்கு என்னோடதுதான். மத்ததுக்கு இது இருக்கட்டும்" என்றான்.

"யாருமில்லாத அனாதைக்கு இடம் குடுத்த மகராசன்" என்றேன். அவன் டீ வாங்கப் போய்விட்டான்.

அதோடு அவன் ஒரு வழக்கமும் கொண்டுவந்தான். எந்த பிரவுசராக இருந்தாலும், எந்தக் கலராக இருந்தாலும், கடைசி பட்டனை அழுத்துவதற்கு முன்னால் திரையைக் கஸ்டமர் பக்கம் திருப்பி, "மேல யார் பேரு இருக்கு, வாசிங்க" என்று கேட்பான். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவன் வாசித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் அழுத்துவான். கறிக்கடை பாய்கூட முதலில், "என் பேரு எனக்குத் தெரியாதா" என்று சிரித்தார். இப்போது அவரே திரையை எட்டிப் பார்த்து வாசித்துவிட்டுத்தான் சரி என்கிறார்.

சென்டர் வைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான். நல்ல பிரவுசராகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் யாரும் வைத்திருக்காததாக இருந்தாலும் கூச்சப்படாதீர்கள். உங்கள் வேலைக்கு எது சரிப்பட்டு வருகிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதன் ஒவ்வொரு குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் திறந்த டேபை அது எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தது, அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் மேலே இருக்கிற பெயரை அது பார்த்துச் சொல்லாது. அது நம் வேலை. இன்னொருவர் வாழ்க்கைக்குள் போய்த்தான் நாம் பட்டனை அழுத்துகிறோம்.

ரிசல்ட் வந்த அன்று ரேவதி அப்பாவோடு வந்தாள். வீட்டிலேயே போனில் பார்த்திருக்கலாம். பார்க்கப் பயமாக இருந்தது, அதனால் வந்தோம் என்றாள். முரளி அவளைத் தன் பக்கம் உட்கார வைத்து, ஊதாக் கோடு போட்டு லாகின் செய்து, திரையைத் திருப்பினான்.

"மேல யார் பேரு இருக்கு, வாசி."

"ரேவதி ஏ." என்று வாசித்தாள். அதற்குக் கீழே கன்னடத்தில் நீளமாக ஒரு வரி இருந்தது. அவள் அதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஏழுமலை குனிந்து திரைக்கு முன்னால் முகத்தைக் கொண்டு வந்தார். பஸ் போர்டும் தெருப் பெயரும் படித்துப் படித்தே கன்னடம் கற்றவர். காலேஜ் பெயரை அவர் படிக்கவே இல்லை. விரலை வரியின் கடைசிக்குக் கொண்டு போய் அங்கே இருந்த ஒரே சொல்லை எழுத்துக் கூட்டினார்.

"பெங்களூருன்னு போட்டுகீது பாப்பா."

ரேவதி தலையை மட்டும் ஆட்டினாள். அவர் நிமிர்ந்து, காக்கிச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இரு பாப்பா, துணிக்கடைக்காரருக்குச் சொல்லிடறேன். நீ வர மாட்டேன்னு."